பழைய விமானம் வாங்குவோர்

விமானம் வாங்கும் வசதி நமக்கில்லை. ஆயினும் அமெரிக்காவிலே பழைய சிறு விமானங்களை வாங்குவோர் கைக்கொள்ளும் முறைகளைப் படிக்கும்போது, நாமும் கற்கத்தக்கது உண்டெனத் தோன்றுகிறது.

1956இல் விற்பனைக்கு வந்த செஸ்னா 172 வகை விமானங்களுட் பழையன பல இன்றும் கைமாறிப் பறக்கின்றன. விவரமறிந்தவர் புதுப் பூச்சின் பளபளப்பில் மயங்குவதில்லை. பராமரிப்புக் குறிப்பேட்டையே முதலிற் கேட்பர். எந்திரம் எத்தனை மணி ஓடியது, எப்போது பிரித்துச் செப்பனிடப்பட்டது என்பன அதிலே காணப்படும். நெடுநாள் பறவாது நின்றதென மகிழ்வதற்குமில்லை. ஓடாத எந்திரத்தினுள்ளே ஈரந்தங்கித் துருவேறும். ஆதலால் விற்பவரோடு தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரைக்கொண்டு சோதிப்பித்த பின்னரே விலை பேசுவர்.

வாங்கியதோடு காரியம் முடிவதில்லை. 12 மாதத்துக்கொருமுறை முழுச்சோதனை செய்வித்தல் வேண்டும். பறக்கத்தக்க நிலையில் விமானத்தை வைத்திருக்கும் முதற்பொறுப்பை அந்நாட்டுச் சட்டம் உடையவர்மீதே சுமத்துகிறது. தெருவிலே கார் நின்றுவிட்டால் இறங்கித் தள்ளலாம். வானத்திலே அது இயலுமா? உடன் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் மனைவி மக்களே அல்லரோ!

ஆகவே விலைக்குரிய பணத்தோடு, ஆண்டுதோறும் பராமரிப்புக்காகும் பணத்தையும் கணக்கிட்டு, இரண்டும் இயலுமாயின் மட்டுமே வாங்குதல் முறை. மோட்டார்ச் சைக்கிள் வாங்க விரும்பும் நம் இளைஞரும் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பாராக.