கட்டளை வரியும் கண்பார்வையும்

பள்ளித் தேர்வுத்தாள்களைக் கணினியில் பேணுவது என் பொறுப்பு. அப்பணிக்கு இன்றும் தட்டெழுதும் கட்டளைகளையே கையாள்கிறேன்.

1978இல் வெளிவந்த விடி100 முனையத்தின் திரையில் 24 வரிகள். வரிக்கு 80 எழுத்துகள். இன்றைய கட்டளைச் சாளரங்கள் பலவும் அவ்வளவிலேயே திறக்கின்றன. கட்டளையோ அவ்வெல்லைக்குள் அடங்குவதில்லை. அது நீளும்போது வழிகள் இரண்டு. மிஞ்சியதை அடுத்த வரிக்கு மடக்கலாம்; முழுமையும் தெரியும், ஆனால் சொல் இடையில் முறியும். அன்றி, ஒரே வரியைப் பக்கவாட்டில் நகர்த்தலாம்; வரி முறியாது, ஆயின் ஒரு பகுதி மறையும்.

1983இல் டேவிட் கார்ன் அறிமுகப்படுத்திய கார்ன் ஷெல் இரண்டாம் வழியை மேற்கொண்டது. எனினும், மறைவு உண்டு என்பதை அது ஒளிக்கவில்லை. வலப்புறம் எஞ்சியிருப்பின் வரியின் ஓரத்தில் ‘>’, இடப்புறமாயின் ‘<’, இருபுறமுமாயின் ‘*’ எனக் குறியிட்டது.

அச்சிறு குறியின் நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். கோப்புகளை அழிக்கும் கட்டளையில், திரைக்கு வெளியே நிற்கும் ஒரு சொல் போதும், ஓராண்டுத் தேர்வுத்தாள்கள் பாழாக. ஆதலின், கட்டளையை ஏவுமுன் வரியின் தலைக்குச் சென்று கடைசிவரை படித்துவிடுகிறேன். நம் கண்ணுக்குத் தெரிவது பாதியே ஆயினும், கணினி நிறைவேற்றுவது முழுவரியையும் அன்றோ? மாணவர்க்கும் இதனையே சொல்லி வருகிறேன்.