மாப்பிள்ளை சொன்ன பினாங்கு

தமிழ்நாட்டிலிருந்து பினாங்கு போகிறவர்கள் மலை ரயிலில் ஏறி, பத்து பெரிங்கி கடற்கரையில் கால் நனைத்துத் திரும்புவார்கள். நான் போனது ஒரு சாப்பாட்டுக் கடையைப் பார்க்க. என் அத்தை மகன் பதினெட்டு வருடம் வேலை பார்த்த நாசி கண்டார் கடை. 2021ல், எல்லைகள் மூடிக் கிடந்த நேரத்தில், மாரடைப்பில் அங்கேயே போய்ச் சேர்ந்தான். ஊரிலிருந்து ஒருவரும் போக முடியவில்லை. வீடியோ காலில்தான் முகம் பார்த்தோம்.

நான் கிளம்பும்போது அத்தை மூன்று கேள்விகள் கொடுத்துவிட்டார். "எங்க படுத்திருந்தான், என்ன சாப்பிட்டான், கொள்ளி வச்சது யாரு. கேட்டுக்கிட்டு வாப்பா."

தேவகோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை நானும் அவனும் ஒரே பெஞ்சு. பெஞ்சு வருவதற்கு முன் ஒரே தரை. நாங்கள் பள்ளியில் சேர்ந்த 1982ல்தான் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டமும் வந்தது. என் தட்டையும் சேர்த்து அவனே அலசிக்கொண்டு வருவான். கண்மாய்க்கரைப் பிள்ளையாருக்கு யாராவது சூறைத்தேங்காய் விட்டால் அவன்தான் முதலில் பாய்வான். முழங்கையில் ரத்தம் வழிய, பெரிய சில்லை எனக்குத் தருவான். ஒருவரையொருவர் 'மாப்ள' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். பத்தாம் வகுப்போடு அவன் படிப்பு நின்றது. 2003ல் பினாங்கு போனான்.

கடை ஓய்ந்து அவன் போன் போடும்போது அங்கே நள்ளிரவு, நமக்கு ஒன்பதரை. எதைச் சொன்னாலும் ஊர்க்கணக்கில்தான் சொல்வான். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர் என்று சொல்ல மாட்டான். "நம்ம ஊர்ல ஏறி தேவகோட்டையில இறங்குற தூரம் மாப்ள, பாதிக்கு மேல கடலு" என்பான்.

பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரியில் தீவுக்குப் போனேன். அவன் சொன்ன, கார்களையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றிய பெரிய பெர்ரிகள் 2020 கடைசியோடு ஓய்ந்துவிட்டன. இப்போது ஓடுபவை 2023ல் வந்த புதியவை. ஜார்ஜ் டவுனில் இறங்கி நடந்தால் எல்லாம் கிட்டக் கிட்ட. குயின் தெருவில் 1833ல் எழுந்த மகாமாரியம்மன் கோயில். சற்றுத் தள்ளி, 1801ல் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த அவர்களைச் சூலியர் என்று அழைத்ததால்தான் அது சூலியா தெரு. அந்தத் தெருவில் நாகூர் ஆண்டவருக்கும் ஒரு தர்கா உண்டு. நாசி கண்டாரும் இவர்கள் தந்ததுதான். காவடிபோல் தோளில் கம்பு வைத்துச் சோறும் குழம்பும் சுமந்து விற்றதால் வந்த பெயர். எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றுவதற்கு 'பன்ஜிர்' என்று பெயர், வெள்ளம் என்று அர்த்தம்.

2008ல் யுனெஸ்கோ இந்த ஊரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கடைவீடுகளின் முகப்பைக் காட்டும் வரைபடங்கள் எல்லா விடுதிகளிலும் கிடைக்கின்றன. மாடியில் யார் தூங்குகிறார்கள் என்பது அவற்றில் இல்லை.

நான் போனது தைப்பூச சமயம். முதல் நாள் காலை, பினாங்கு தெருவிலுள்ள செட்டியார்களின் கோயில் வீட்டிலிருந்து வெள்ளித் தேர் தண்ணீர்மலைக்குப் புறப்படுகிறது. 1894ல் காரைக்குடியில் செய்து கப்பலில் வந்த தேர். "நம்ம பக்கத்துத் தேரு மாப்ள, நமக்கு முன்னாடியே வந்துருச்சு" என்பான். வழி நெடுக மூட்டை மூட்டையாகத் தேங்காய் உடைக்கிறார்கள். தமிழர்களுக்குச் சமமாகச் சீனர்களும் உடைக்கிறார்கள். தேர் நகர்வதற்குள் சாலை வெள்ளையாகிவிடுகிறது. பின்னாலேயே மண்வாரிகள் வந்து சில்லுகளை அள்ளிக் குவிக்கின்றன. இதையும் ஒருமுறை சொல்லியிருந்தான்: "பொறுக்க ஒரு பய இல்ல மாப்ள. பாக்கவே ஒரு மாதிரி இருக்கு." அப்போது சிரித்தேன். காலடியில் நல்ல பெரிய சில்லு ஒன்று கிடந்தது. எடுத்துத் துடைத்துத் தின்றேன். பக்கத்திலிருந்த சீனப் பாட்டி என்னை வினோதமாகப் பார்த்தார்.

மறுநாள் கடைக்குப் போனேன். அவனோடு வேலை பார்த்த புதுக்கோட்டைத் தம்பி தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். சொன்னதும் குவளையை வைத்துவிட்டு மாடிக்கு அழைத்துப் போனார். ஆறு பாய். ஜன்னலோரம் இருந்தது அவனுடையது. இப்போது அதில் வேறொரு பையன், இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

"சாப்பாடு?"

"கடைச் சாப்பாட்டைத் தொடவே மாட்டாருண்ணே. பழைய சோறும், இங்க 'ஈக்கான் பிலிஸ்'னு விக்கிற நெத்திலியும்தான். எனக்கும் அதையே பழக்கிட்டாரு."

மூன்றாவதைக் கேட்கத் தயங்கினேன். அவரே சொன்னார். "அஞ்சாறு பேரைத்தான் உள்ள விட்டாங்க. மகன் யாருன்னு கேட்டாங்க. யாரும் பேசலை. நான்தாண்ணே வச்சேன். எங்க அப்பா ஊர்ல இருக்காரு, அவருகிட்ட இதை இன்னும் சொல்லலை."

அத்தைக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தேன். எடுத்தவுடன் அத்தை அவரிடம் கேட்டது, "சாப்பிட்டியாப்பா?" பிறகு ஊர், அம்மா பெயர், கல்யாணம் ஆகிவிட்டதா என்றெல்லாம் விசாரித்தார். கீழேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவர் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "சொல்லுங்கம்மா" என்றபடியே படியிறங்கிப் போய்த் தேநீர் ஆற்ற ஆரம்பித்தார்.