மெயில் கேட்வே: சில குறிப்புகள்

• எம்.எக்ஸ். பதிவை கேட்வே பக்கம் திருப்பியதும் வேலை முடிந்துவிடாது. பின்னாலிருக்கும் உள் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்சின் போர்ட் 25 இணையத்துக்குத் திறந்தே கிடந்தால், ஸ்பேம் அனுப்புகிறவன் எம்.எக்ஸைப் பார்க்காமல் பழைய ஐ.பி.க்கே நேராக வருவான். ஃபயர்வாலில் கேட்வேக்கு மட்டும் 25.

• இல்லாத முகவரிக்கு வரும் மெயிலை வாசலிலேயே 550 சொல்லித் திருப்ப வேண்டும். வாங்கி வைத்துக்கொண்டு, உள்ளே சர்வர் மறுத்த பிறகு பவுன்ஸ் அனுப்பினால், அது போலியாகப் போட்ட அனுப்புநர் முகவரிக்குத்தான் போகும். சம்பந்தமே இல்லாத ஒருவரின் இன்பாக்ஸ் நிறையும், நம் ஐ.பி. பிளாக்லிஸ்டில் ஏறும். மெயிலை ஏற்கும் முன்பே முகவரி உண்டா என்று உள் சர்வரிடம் விசாரிக்க, கேட்வேயில் ஓடும் போஸ்ட்ஃபிக்ஸில் வழி உண்டு. எதைக் கேட்டாலும் ‘உண்டு’ என்று தலையாட்டும் சர்வர் என்றால் விசாரித்துப் பயனில்லை. முகவரிப் பட்டியலையே கேட்வேயில் வைக்க வேண்டும்.

• அனுப்பும் ஐ.பி.க்கு அந்த டொமைனின் அனுமதி உண்டா என்று பார்க்கும் எஸ்.பி.எஃப். சோதனை கேட்வேயில்தான் நடக்க வேண்டும். உள் சர்வரின் கண்ணுக்கு எல்லா மெயிலும் கேட்வேயின் ஐ.பி.யிலிருந்து வருவதாகத்தான் தெரியும். அங்கே சோதித்தால் நல்ல மெயிலும் தோற்கும்.

• கிரேலிஸ்டிங்: முன்பின் தெரியாதவரிடம் ‘அப்புறம் வா’ என்று 451 சொல்வது. ஈவன் ஹாரிஸ் 2003இல் முன்வைத்த யோசனை. ஒழுங்கான சர்வர் திரும்பி வரும். அள்ளி வீசிவிட்டு ஓடுகிற ஸ்பேம் நிரல் பெரும்பாலும் வராது. ஆனால் பத்து நிமிடத்தில் காலாவதியாகும் ஓ.டி.பி. அரை மணி கழித்து வந்து சேரும். வங்கி டொமைன்களுக்கு விலக்கு தருவது நல்லது.

• உள் சர்வரை இரவில் அப்டேட்டுக்கு நிறுத்தினாலும் மெயில் தொலையாது. கேட்வேயின் கியூவில் காத்திருக்கும். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான கெடு 5 நாள்.

• 2021 மார்ச்சில் வெளியே தெரிந்த எக்ஸ்சேஞ்ச் ஓட்டைகள், வெப்மெயிலுக்காகத் திறந்திருக்கும் போர்ட் 443 வழியாகத் தாக்கப்பட்டவை. 25இல் காவல் நிற்கும் கேட்வே அதற்கு என்ன செய்யும்? வெப்மெயிலுக்குத் தனிப் பாதுகாப்பு தேவை.

• 2023இல் பாராகுடாவின் கேட்வே பெட்டிகளே தாக்கப்பட்டன. ஓட்டை இருந்தது மெயிலோடு வரும் இணைப்புக் கோப்புகளைச் சோதிக்கும் பகுதியில். ‘டார்’ கோப்புக்குள் இருந்த கோப்புப் பெயர்களிலேயே கட்டளையை ஒளித்து அனுப்பினார்கள். பாதிக்கப்பட்ட பெட்டிகளை, பேட்ச் போட்டிருந்தாலும், மாற்றிவிடச் சொன்னது நிறுவனம். ஊரார் அனுப்பும் கோப்பையெல்லாம் முதலில் பிரித்துப் பார்க்கிற இயந்திரம் கேட்வே. மாதாந்திர அப்டேட் பட்டியலின் முதல் வரியில் அது இருக்கட்டும்.