மிளகுத் தண்ணீர் ஊர் திரும்பியது

பங்காரப்பேட்டையில் கிளை பிரியும் ரயில் பாதை, கோரமண்டல், சாம்பியன் என்று பெயர்ப் பலகைகளைக் காட்டிக்கொண்டே போய் மாரிக்குப்பத்தில் முடிகிறது. ஆங்கிலமும் தமிழும் பெயரளவிலாவது ஒரே தண்டவாளத்தில் ஓடிய ஊர் கோலார் தங்கவயல்.

1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி இங்கே கால் வைத்தது. ஐந்தே ஆண்டுகளில் கே.ஜி.எஃப். கிளப் எழுந்தது. மது அருந்த ஓர் அறை, பில்லியர்ட்ஸ், நடன இரவுகள், கோல்ஃப் மைதானம், கிறிஸ்துமஸ் விருந்து எல்லாம் வந்தன. இங்கிலாந்துக் கிராமத்து பப் ஒன்றில் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் அத்தனை சுகமும் கோலார் வறண்ட நிலத்தில் கிடைத்தன. 'குட்டி இங்கிலாந்து' என்றார்கள். சிவசமுத்திரம் நீர்மின்சாரம் 1902இலேயே இங்கு வந்துவிட்டது.

அந்த விருந்துக்கான பணம் பூமிக்கடியிலிருந்து வந்தது. வட ஆற்காடு, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த தமிழர்கள், பெரும்பாலும் தலித்துகள், பாறையைக் குடைந்தார்கள். சாம்பியன் சுரங்கம் 3 கி.மீ.க்கும் கீழே இறங்கியது. பாறை வெடிப்பில் செத்தவர்கள் போக, தூசு நுரையீரலைத் தின்று செத்தவர்களும் உண்டு. 'லைன்' வீடுகளில் அவர்கள் சாப்பிட்டது கேழ்வரகுக் களி. கிளப் படியை அவர்கள் ஏறினார்கள் என்றால் அது தட்டு ஏந்தத்தான்.

கிளப்பைப் பார்த்துவிட்டு, மதியம் ஆங்கிலோ இந்திய நண்பர் வீட்டில் சாப்பாடு. மஞ்சள் நிறத் தேங்காய்ச் சோறும் கறி உருண்டைக் குழம்பும். முதலில் வந்தது மல்லிகட்டானி சூப். மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவனுக்குச் சிரிப்பு வராமல் இருக்குமா? மிளகுத் தண்ணீர்தான் அது. நம் வீட்டு ரசத்தை வெள்ளைக்காரர்கள் இறைச்சி சேர்த்து சூப்பாக்கினார்கள். மதராஸ் ராஜதானி ஆங்கிலேயர்களுக்கு 'மல்' என்ற பட்டப்பெயரே அதனால் வந்தது. ஆங்கிலச் சாப்பாடு என்று நாம் வியப்பதில் பாதி, நம் அடுப்பிலிருந்து போய் வேற்றுப் பெயரில் திரும்பியது. ஆக்கிப் போட்ட கைகளுக்குத்தான் பெயர் இல்லை.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று விடியுமுன்னே ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு ரயிலேறி, இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். சயனைடு மண்மேடுகள் மட்டும் நகராமல் நிற்கின்றன.

இவ்வூரில் பிறந்த பிரிட்ஜெட் ஒயிட்-குமார், ஆங்கிலோ இந்தியச் சமையலைப் புத்தகங்களாக எழுதிவைத்திருக்கிறார். நல்ல காரியம். லைன் வீட்டுக் களிக்கும் குழம்புக்கும் அப்படி ஒரு ஏடு வேண்டும். கிளப்பின் நினைவுகளைச் சொல்லக் கட்டடம் இருக்கிறது. லைன்களின் நினைவுகளைச் சொல்ல, சுரங்கத்தில் இறங்கிய கடைசித் தலைமுறைதான் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும்.