பரவையில் ஒரு வங்காளச் சித்திரம்

மதுரையிலிருந்து திண்டுக்கல் சாலையில் சென்றால், விளாங்குடியைத் தாண்டிச் சிறிது தூரத்தில் பரவை. பாட்டுக்காரி முனியம்மாவினால் இவ்வூரின் பெயரை அறிந்தவர் அநேகர். காய்கறிச் சந்தையினால் அறிந்தவர் அதனினும் அதிகம். நான் சென்ற காரியம் வேறு. அங்கே ஒரு நண்பர், வங்காள ஓவியர் சித்தபிரசாத்தின் சித்திரங்களைத் தபால் கார்டு அளவில் அச்சிட்டுக் கூடத்துச் சுவரில் வரிசையாக ஒட்டியிருக்கிறார்.

உள்ளங்கையகலக் காகிதம், கறுப்பு மை, எலும்பும் தோலுமான மனிதர்கள். 1943 நவம்பரில் மிட்னாபூர் ஜில்லாவில் ஊர் ஊராக நடந்து இவற்றை வரைந்தார் அவர். அந்த ஜில்லாவின் கஷ்டத்தை என்னென்பது! 1942 ஆகஸ்டுப் போராட்டத்தின் அடக்குமுறை ஒருபுறம். அக்டோபர் 16-ஆம் தேதிப் புயல் மற்றொருபுறம். ஜப்பானியர் வந்துவிடுவரென்று அஞ்சிய சர்க்கார், கரையோரத்துப் படகுகளையெல்லாம் அப்புறப்படுத்தியது. பர்மா அரிசியும் நின்றுபோயிற்று. வங்காளப் பஞ்சத்தில் மாண்டவர் இருபது லட்சத்திலிருந்து முப்பது லட்சம் வரை என்பது மதிப்பு.

லட்சக்கணக்கைக் கேட்டால் மனம் மரத்துப் போகிறது. சித்தபிரசாத் அதற்கு இடங்கொடுக்கவில்லை. பல சித்திரங்களில், வரையப்பட்டவரின் பெயரையும் ஊரையும் குறித்து வைத்தார். நண்பரின் தாயார் ஒரு கார்டைக் காட்டி, "யார் வீட்டுப் பிள்ளை தம்பி இது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குக் கார்டிலேயே விடை இருந்தது!

பெரிய ஓவியத்தைக் கார்டாகச் சுருக்கினால் ஜீவன் போய்விடும் என்பார்கள். வர்ண ஓவியத்துக்கு அது பொருந்தலாம். இவையோ அச்சுக்கென்றே அழுத்தமான கோடுகளால் வரையப்பட்டவை, சுருங்கியும் மங்கவில்லை. கார்டு என்பதும் புதிய யோசனையன்று. அதே பஞ்சத்தைப் படம் பிடித்த சுனில் ஜானாவின் புகைப்படங்கள் அந்நாளிலேயே தபால் கார்டுகளாகி, நிவாரண நிதி திரட்ட உதவின.

சித்தபிரசாத்தின் சித்திரங்களும் குறிப்புகளும் 'பசித்த வங்காளம்' என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயருடன் சிறு புத்தகமாக வெளிவந்தன. சர்க்கார் 5,000 பிரதிகளைப் பறிமுதல் செய்து கொளுத்திற்று. ஓவியர் 1978-இல் காலமானார். அவருடைய குடும்பத்தார் பத்திரப்படுத்தியிருந்த ஒரே பிரதியைக் கொண்டு 2011-இல் டில்லியில் மறுபதிப்பு வந்தது.