லாரி ஊரில் ஒரு டார்க் ரெஞ்ச்

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ஆப்பிரிக்கா என்று போய் பூமியைத் துளைத்துவிட்டு வருகின்றன. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறார்கள். சங்ககிரியில் தெருவுக்குத் தெரு லாரி முதலாளிகள். இவர்களுக்குப் பக்கத்தில் இருக்கிற மல்லசமுத்திரத்தில் ஸ்பேனர் பிடிக்கத் தெரியாத ஆளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். விசைத்தறி ஓட்டுகிறவர்கூட கியர் பாக்ஸ் பற்றி ஓர் அபிப்பிராயம் வைத்திருப்பார். அப்படிப்பட்ட ஊரில், நட்டு முறுக்குவதற்கு அளவு காட்டும் கருவியைக் காசு கொடுத்து வாங்கினால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? "ஏனுங்ண்ணா, கை சொல்லாததையா அது சொல்லப்போவுது?" என்றார் எங்கள் மெக்கானிக்.

கை சொல்லும்தான். எந்த வண்டியில் பழகிய கை என்பதுதான் கேள்வி.

லாரி டயர் மாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். வீல் ஸ்பேனரில் நீளமான இரும்புப் பைப்பைச் செருகி, கிளீனர் அதன் நுனியில் ஏறி நிற்பார். படித்தவர்கள் அதைப் பார்த்து முகம் சுளிப்பதுண்டு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அறுபது கிலோ ஆள், ஒரு மீட்டர் பைப்பின் நுனியில் நின்றால் அந்த நட்டின் மேல் விழும் முறுக்கு விசை சுமார் 590 நியூட்டன் மீட்டர். பத்து நட்டு போட்ட கனரக லாரிச் சக்கரத்துக்குக் கம்பெனிக்காரர்கள் கேட்பதும், மாடலைப் பொறுத்து, ஏறக்குறைய அந்த 600 தான். ஆக அந்தக் கிளீனர் செய்வது முரட்டு வேலை இல்லை. பைப்பின் நீளமும் தன் உடம்பின் எடையும் சேர்ந்த ஓர் அளவுகோலை அவர் வைத்திருக்கிறார். அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அதே கை வீட்டு வாசலில் நிற்கும் மாருதிக்கு வரும்போதுதான் தொல்லை. மாருதி கார்களில் மாடலுக்கேற்ப நட்டு ஒன்றுக்கு 85 அல்லது 100 நியூட்டன் மீட்டர் போதும். ஹூண்டாய் சிறிய கார்கள் பலவற்றுக்கு 9 முதல் 11 கிலோகிராம் மீட்டர், அதாவது 88 முதல் 108 வரை. டிக்கியில் வண்டியோடு கொடுக்கிற ஸ்பேனர் குட்டையாக இருக்கிறதே என்று எல்லோரும் திட்டுவோம். கால் மீட்டர் நீளக் கைப்பிடியை நாற்பது கிலோ பலத்தில் இழுத்தால் 98 வருகிறது. குட்டையாக இருப்பதற்குக் காரணம் கஞ்சத்தனம் மட்டும் இல்லை. அதில் ஒரு பைப்பைச் செருகினாலோ, காலால் மிதித்தாலோ அந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். எழுபது கிலோ ஆள் முப்பது சென்டிமீட்டர் ஸ்பேனரின் மேல் ஏறினால் 200ஐத் தாண்டுகிறது, கேட்டதைப் போல இரண்டு மடங்கு.

டயர் கடைகளில் இப்போது காற்றில் ஓடும் கன் வந்துவிட்டது. லாரிக்கும் காருக்கும் ஒரே கன், ஒரே 'டர்ர்ர்'. ஒரு கடையில் அப்படி டைட் வைத்த நட்டை, காளிப்பட்டிக்குப் போகும் வழியில் பஞ்சரானபோது நானும் மச்சானும் மாறி மாறி முயன்றும் அசைக்க முடியவில்லை. கடைசியில் அந்த வழியாக வந்த ஒரு லாரிக்காரர்தான் தன் பைப்பைக் கொடுத்து உதவினார். டைட் குறைந்தால் சக்கரம் கழன்றுவிடும் என்கிற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. டைட் கூடினால் ஸ்டட் நீண்டு பலம் இழக்கும், மரை போகும், சக்கரம் டிஸ்க்கின் மேல் சரிசமமாக உட்காராது என்கிற பயம் யாருக்கும் இல்லை.

டார்க் ரெஞ்ச் பிறந்த கதையும் அதுதான். 1918இல் நியூயார்க் நகரக் குடிநீர்த் துறையில் வேலை பார்த்த கான்ராட் பார், நிலத்தடிக் குழாய்களின் போல்ட்டுகளை ஆட்கள் அளவுக்கு மீறி முறுக்கிவிடுவதைத் தடுக்கத்தான் இதைச் செய்தார் என்பார்கள். முறுக்கத் தெம்பு இல்லாதவனுக்காக வந்த சாமான் இல்லை இது.

சரி, எதை வாங்குவது? அரை இன்ச் டிரைவ், 40 முதல் 200 வரை காட்டும், வைத்த அளவு வந்ததும் 'டக்' என்கிற கிளிக் வகை ஒன்றை முதலில் வாங்குங்கள். கார்ச் சக்கரம் முழுக்க அதில் அடங்கிவிடும். '10 முதல் 300 வரை, எல்லா வேலைக்கும் ஒன்றே' என்று விற்பதை நம்பாதீர்கள். ஸ்கேலின் அடிப்பகுதியில், ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே, எந்த ரெஞ்ச்சும் அவ்வளவு உண்மை பேசாது. அதனால் ஸ்பார்க் பிளக்குக்கு அது உதவாது. அலுமினிய ஹெட்டில் 14 மில்லி மரை பிளக்குக்கு 25 முதல் 30 போதும், 10 மில்லி பிளக்குக்கு 10 முதல் 12. ஆயில் மாற்றும்போது டிரெய்ன் போல்ட்டுக்கு 35, 40. இந்த வேலைகளையும் வீட்டிலேயே பார்ப்பவர் இரண்டாவதாகச் சிறியது ஒன்று வாங்கத்தான் வேண்டும். உண்மையில் பணம் மிச்சமாவது அந்தச் சிறியதில்தான். சக்கர நட்டு போனால் சில்லறைச் செலவு. அலுமினிய ஹெட்டில் மரை போனால் லேத்துக்கு நடக்க வேண்டும்.

முள் காட்டும் பழைய பீம் வகையை மட்டமாகப் பேசுவார்கள். எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. உள்ளே ஸ்பிரிங் இல்லை, தளர்வதற்கு எதுவுமில்லை. ஆனால் முள்ளுக்கு நேர் மேலே கண்ணை வைத்துப் படிக்க வேண்டும். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு அது நடக்கிற காரியமா? டிஜிட்டல் வேண்டாம் என்பது என் கட்சி. வேண்டிய நேரம் பார்த்து பேட்டரி தீர்ந்துவிடுகிறது.

கிளிக் வகையில் சில சங்கடங்கள் உண்டு. எங்கள் தெருவில் தறி ஓடும் நேரத்தில் அந்த 'டக்' காதில் விழாது, உள்ளங்கையில் ஒரு சின்ன உதறல்தான் தெரியும். உதறியதும் விட்டுவிட வேண்டும். நம்பிக்கைக்காக இன்னொரு 'டக்' கேட்கிற ஆசை எல்லோருக்கும் வரும், அந்த ஆசைதான் அளவைக் கெடுக்கிறது. ஸ்கேலில் ஒரு பக்கம் நியூட்டன் மீட்டரும் மறுபக்கம் அடி பவுண்டும் இருக்கும். 85ஐ அடி பவுண்டுப் பக்கம் வைத்தால் நட்டுக்குப் போவது 115. வேலை முடிந்ததும் ஸ்கேலின் மிகக் குறைந்த அளவு வரை இறக்கி வைத்தால் ஸ்பிரிங் பிழைக்கும்.

வாங்கியது சரியாகச் சொல்கிறதா என்று எப்படித் தெரியும்? ஐஎஸ்ஓ 6789 தரத்தின்படி இந்த வகை நூற்றுக்கு நாலுக்கு மேல் பிசகக் கூடாது, ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 5,000 முறை பயன்படுத்திய பிறகு சோதிக்க வேண்டும். கோவைக்கு எடுத்துப் போனால் சான்றிதழோடு பார்த்துத் தரும் கூடங்கள் இருக்கின்றன. வீட்டுக்கார்காரனுக்கு ஓர் எடைக்கல் போதும். ரெஞ்ச்சின் சதுர முனையை வைஸில் பிடித்து, கைப்பிடி தரைக்குச் சமமாக இருக்கும்படி வைத்தேன். முனையின் நடுவிலிருந்து 45 சென்டிமீட்டர் தள்ளி, கைப்பிடியின் கோட்டின் மேல், கடையில் கேட்டு வாங்கிய இருபது கிலோ கல்லைக் கயிற்றில் மெதுவாக இறக்கினேன். கல்லுக்கு 88, ரெஞ்ச்சின் சொந்த எடைக்கு இரண்டரை, ஆக மொத்தம் 91. ஸ்கேலை 85இல் வைத்தபோது 'டக்' என்றது. 97இல் வைத்தபோது கல் சும்மா தொங்கியது. நான் கொடுத்த விலைக்கு இது தாராளம். மெக்கானிக் பக்கத்தில் நின்று பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இதுவும் வேதவாக்கு இல்லை. நாம் முறுக்கும் விசையில் பத்தில் ஒன்பது பங்கு மரையிலும் நட்டின் அடியிலும் உரசியே தீர்ந்துபோகிறது. மிச்சம் ஒரு பங்குதான் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கிறது. துரு ஏறிய ஸ்டட்டில் 'டக்' கேட்டும் பிடி குறைவாக இருக்கலாம். ஆயில் தடவிய மரையில் அதே 85 ஸ்டட்டை அளவுக்கு மீறி இழுத்துவிடும். கம்பி பிரஷ்ஷால் துடைத்து, ஆயில் போடாமல், நட்டுகளை எதிரெதிராக முறுக்கி, நூறு கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை பார்ப்பதுதான் முறை.

இரவல் கொடுப்பதுதான் இப்போது பிரச்சினை. வாங்கியபோது சிரித்தவர்களே கேட்கிறார்கள். கொடுத்தால் அதை நட்டு கழற்றுவதற்குப் பயன்படுத்துகிறார்கள், நீளமாக இருக்கிறதாம். கழற்ற இது கூடவே கூடாது. இறுகிய நட்டில் போட்டு உலுக்கினால் உள்ளே இருக்கிற ஸ்பிரிங்குக்கும் அளவுக்கும் சம்பந்தமில்லாமல் போய்விடும். அதனால் பவர் பார் ஒன்றைத் தனியாக வாங்கிப் பக்கத்திலேயே மாட்டி வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்கு அது. மெக்கானிக் மட்டும் ஸ்பார்க் பிளக் மாட்டும்போது சிறிய ரெஞ்ச்சை எடுத்துப்போகிறார். சக்கரத்துக்கு என்றால் இன்னும் கைதான். அவர் டைட் வைத்த பிறகு நான் 100இல் வைத்துப் பார்த்தால், நட்டு அசையும் முன்பே 'டக்' என்கிறது.