தற்புகழ்ச்சியும் தன்விபரமும்

கலைப்பீடத்தின் இறுதியாண்டு மாணவி ஒருத்தி. விடுதியில் அறைத்தோழியர் உறங்கிவிட்டனர். அவளது கணினித் திரையில் வெற்றுக் கட்டமொன்று, அவளைப் பற்றி அவளே கூறவேண்டும் எனக் காத்திருக்கின்றது. மூன்று மணித்தியாலத்தில் பரீட்சை வினாக்களுக்குப் பக்கம் பக்கமாக விடையெழுதிப் பழகிய கை, இந்த ஒரு வினாவின் முன் நெடுநேரமாக அசையாதிருக்கின்றது.

அவள் திறந்து வைத்திருந்தது லிங்க்ட்இன் என்னும் இணையத்தளம். 2003ஆம் ஆண்டு மே மாதத்திற் பொதுப் பாவனைக்கு வந்து, 2016இல் மைக்ரோசொப்ட் நிறுவனத்தாற் கொள்வனவு செய்யப்பட்ட இத்தளம், தொழில் தேடுவோரும் தொழில் தருவோரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் சந்தையாகும். இலங்கையின் கலைப் பட்டதாரி நீண்ட காலமாக அரச உத்தியோகத்தையே நம்பியிருந்தவர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி அந்த வாசலை மேலும் ஒடுக்கியது. வர்த்தமானி அறிவித்தலைப் பார்த்து விண்ணப்பப் படிவம் நிரப்பிய தலைமுறையின் பிள்ளைகள் இன்று இச்சந்தையை நாடுவது இயல்பே. ஆனால், படிவமானது கேட்டதற்கு மட்டும் விடை கூறினாற் போதும். இத்தளமோ எதைக் கூறுவது என்பதையும் எழுதுபவரிடமே விட்டுவிடுகின்றது. தவறுகள் தோன்றும் இடம் இதுவே.

அன்றிரவு அம்மாணவி செய்தது பலரும் செய்வதே. முன்னைய ஆண்டு மாணவர் ஒருவரின் பக்கத்திலிருந்த ஆங்கில வாக்கியங்களைப் பெயர்த்து ஒட்டினாள். தலைமைத்துவம், பேரார்வம், கூட்டு முயற்சி, இலக்கு நோக்கிய செயற்பாடு என எவருக்கும் பொருந்தக்கூடிய சொற்கள் அங்கே நிரம்பின. எவருக்கும் பொருந்தும் சொல் எவரையும் அடையாளம் காட்டாது என்பதை அவள் எண்ணவில்லை. தேர்ச்சிகளின் வரிசையில் ஆங்கிலத்திற்கு நேரே முழுத் தேர்ச்சி எனக் குறித்தாள்.

சில வாரங்களின் பின் நிறுவனமொன்று தொலைபேசியில் அழைத்தது. முதல் வினாவே ஆங்கிலத்தில் வந்தது. இரண்டாவது வினாவுக்கு அவள் தடுமாறினாள். உரையாடல் சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. பின்னரே அப்பதவிக்குரிய விளம்பரத்தை அவள் முழுமையாகப் படித்தாள். கரையோரக் கிராமங்களிலே பெண்களிடம் தமிழில் உரையாடித் தகவல் திரட்டக்கூடிய ஒருவரையே அவர்கள் தேடியிருந்தனர். தனது ஆய்வுக் கட்டுரைக்காக ஆறு வாரங்கள் மீன்பிடிக் கிராமங்களில் அலைந்து, முப்பத்தெட்டுப் பெண்களின் வாய்மொழிகளைப் பதிவுசெய்து எழுத்தாக்கியவள் அவள். அந்த ஆறு வாரங்களைப் பற்றி ஒரு சொல்லேனும் அவளது பக்கத்தில் இல்லை. இல்லாததைக் கூறி உள்ளதை மறைத்திருந்தாள்.

ஏன் மறைத்தாள்? வேண்டுமென்று மறைக்கவில்லை, அது கூறத்தக்க ஒன்று என அவளுக்குத் தோன்றவேயில்லை. தன்னைத் தானே பேசுதல் பண்பன்று என்று வீட்டிலும் பாடசாலையிலும் கேட்டு வளர்ந்தவள் அவள். இதனாலேதான், தன் சொந்தச் சொற்களிற் கூறக் கூசியதை இரவற் சொற்களாற் கூறிவிட்டாள். இரவல் வாங்கிய புகழ்ச்சி தன்னுடையதாகத் தோன்றாமையால் அதற்கு நாணமும் எழவில்லை.

இவ்விடத்தில் பவணந்தி முனிவரின் நன்னூற் பாயிரம் நினைவுகூரத்தக்கது. புதிய நூல்களை ஆக்கிப் பல துறைகளையும் முற்றக் கற்ற ஒருவனுக்கும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என விதிக்கும் அந்நூல், அடுத்து நான்கு விலக்குகளை வகுக்கின்றது. அரசனின் அவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதாரிடையேயும், அவையிலே வாதிட்டு வெல்லவேண்டிய பொழுதிலும், எதிர்த்தரப்பார் தன்னைப் பழிக்கும்போதும் புலவன் தன்னைப் புகழ்தல் தகும் என்கின்றது. இவற்றுள் முதலிரண்டும் இன்றைய தொழில் தேடுபவருக்கு அப்படியே பொருந்துவன. விண்ணப்பம் என்பது அவைக்கு விடுக்கும் ஓலை. அதைப் படிப்பவர் எழுதியவரின் ஆற்றலை அறியாதவர். ஆகவே, தன்னைப் பற்றிக் கூறுவது மரபுக்கு மாறானதன்று. மரபு அனுமதிப்பது உள்ள ஆற்றலை உரிய இடத்தில் உரைப்பதையே.

இந்த அளவுகோலைக் கொண்டு நோக்குமிடத்து ஏனைய தவறுகளும் தெளிவாகும். பெயரின் கீழே அமையும் தலைப்பு வரிக்கு 220 எழுத்துகள் வரை இடமுண்டு. அங்கே மாணவி என்றோ வேலை தேடுபவர் என்றோ மட்டும் எழுதுவது கிடைத்த இடத்தை வீணாக்குவதாகும். குடும்பப் பெயர் கேட்குமிடத்திற் தந்தையின் பெயரை எழுதினால், அயல்நாட்டார் தந்தையின் பெயராலேயே அழைப்பர். அதனை அறிந்தே எழுதவேண்டும். பட்டச் சான்றிதழில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒன்றாகவும் பக்கத்தில் உள்ளது வேறொன்றாகவும் இருப்பின் ஒருவரே இருவராகிவிடுவர்.

பழைய சுயவிபரக்கோவையின் வழக்கத்தைப் பின்பற்றித் தேசிய அடையாள அட்டை இலக்கத்தையும் வீட்டு முகவரியையும் பொதுப் பார்வைக்கு இடுவது இன்னொரு தவறு. பழைய அட்டையின் எண்ணில் முதலிரு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும் அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் காட்டும். பெண்களாயின் அந்நாளுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். ஓர் இலக்கமே இவ்வளவையும் வெளிப்படுத்துகையில், அதை முன்பின் அறியாதார் கையிற் கொடுப்பது விவேகமன்று. ஒருவரது வேலையைக் காணாமலே நண்பர்கள் அவரது தேர்ச்சிக்குச் சான்றளிப்பதும், ஒரு வரி அறிமுகமுமின்றி நூற்றுக்கணக்கானோருக்குத் தொடர்பு வேண்டி அழைப்பு அனுப்புவதும் இவ்வகையினவே. சொல்லுக்குப் பின்னாற் செயலும், அழைப்புக்குப் பின்னாற் காரணமும் இல்லாமையே இவற்றின் பொதுக் குறை.

பட்டதாரிகளின் வேலையின்மைக்குத் தன்விபரப் பக்கத்தின் குறைபாடே காரணம் என்று கூறிவிட முடியாது. அதன் வேர்கள் நாட்டின் பொருளாதார அமைப்பிலும் கல்வி முறையிலும் ஆழப் பதிந்துள்ளன. மனிதர் தம்மையே பண்டமாக்கிக் கடைபரப்ப வேண்டிய நிலை விரும்பத்தக்கதுமன்று. எனினும், கடைபரப்பியே ஆகவேண்டுமாயின், பிறர் சரக்கைத் தன் சரக்காகக் காட்டாதிருத்தல் ஒருவர் தன் மதிப்பைக் காத்துக்கொள்ளும் வழியாகும்.

அம்மாணவி தன் பக்கத்தைத் திருத்தி எழுதினாள். இரவற் சொற்கள் யாவும் நீங்கின. ஆறு வாரங்கள், முப்பத்தெட்டுப் பெண்கள், அவர்களிடம் கேட்ட வினாக்கள், எழுத்தாக்கிய முறை ஆகியன சில எளிய வாக்கியங்களில் அமைந்தன. ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, வாசிப்பு நன்று, எழுத்து ஓரளவு, பேச்சுப் பயிற்சியில் உள்ளது என உள்ளபடி குறித்தாள். பக்கம் முன்னையதிலும் சிறிதாகிவிட்டது. புதிய அழைப்பு எதுவும் இன்னும் வரவில்லை. ஆயினும் தொலைபேசி ஒலிக்குமென்று அவள் இப்போது அஞ்சுவதில்லை; எந்த வரியைப் பற்றி எவர் வினவினும் அவளால் விடை கூற முடியும்.